வியட்நாம் போறோம்: மீன் சாஸ் இல்லாம சாப்பிடவும் பழைய கோயில் பார்க்கவும் வழி சொல்லுங்க

காட்பாடி மல்லிகை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவும் நானும் வியட்நாம் போகலாம்னு முடிவு பண்ணிட்டோம். பாஸ்போர்ட் கையில இருக்கு, டிக்கெட் இன்னும் போடலை. சாப்பாட்டு விஷயம் தெளிவாகட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

நான் நனிசைவம். பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவும் சேர்க்கறதில்லை. பிறந்து வளர்ந்தது பொய்கை பக்கம். செவ்வாய்க்கிழமை ஆனா சந்தைக்கு வண்டி வண்டியா மாடு வந்து இறங்கும். கறவை நின்ன மாடும், தாயை விட்டுப் பிரிச்ச காளைக்கன்னும் ஒரே வண்டியில இறங்கறதைப் பார்த்துக்கிட்டே வளர்ந்தேன். அந்தக் கன்னுங்க எங்க போகுதுன்னு விவரம் புரிஞ்ச பிறகு என்னால பால் குடிக்க முடியலை. இதை வச்சு விவாதம் பண்ண வரலை. வீம்புக்குப் பிடிவாதம் பண்றவ இல்லைன்னு உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

அம்மா சைவம். அவங்களுக்கு மோர் இல்லாம சோறு முடியாது. மீன் வாடை பட்டாலே தட்டைத் தள்ளிடுவாங்க. வெள்ளி, கிருத்திகை, அமாவாசைன்னா வெங்காயம் பூண்டும் கிடையாது. ஆனா ஊர் பார்க்கற ஆசை என்னை விட அவங்களுக்குத்தான் அதிகம். அங்க ஒரு காலத்துல இருந்த சம்பா நாட்டு சிவன் கோயில் பத்தி எதுலயோ படிச்சுட்டு "அங்க போயே ஆகணும்"னு நிக்கறாங்க.

வியட்நாம் சமையல் பத்தி எங்க பார்த்தாலும் மீன் சாஸ்தான். சூப், சட்னி, கீரை வதக்கல், எல்லாத்துலயும் அது இருக்காமே. அங்க போய் பிரெட்டும் வாழைப்பழமும் தின்னுட்டு வர்ற பயணம் எனக்கு வேணாம். இங்கேருந்து புளிக்காய்ச்சல் கட்டிக்கிட்டுப் போய் ஓட்டல் ரூம்ல உக்காந்து சாப்பிடறதும் வேணாம். அந்த ஊர் ஜனங்க சாப்பிடறதையே, நம்ம மனசுக்கு ஒத்த மாதிரி சாப்பிடணும். அப்படி முடியுமா? எந்த மாசம் போகலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி. வேலூர் கோட்டை அகழியை ஒரு சுத்து சுத்தற அளவு நடப்பாங்க, படி நிறைய ஏற முடியாது. போயிட்டு வந்தவங்க இருந்தா சொல்லுங்க.

ஆம்பூர் ஷூக்காரர் எழுதியது:

நான் தோல் தொழில்ல இருக்கறவன், கறி சாப்பிடறவன். இதுல பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்குதான்னு நீ நெனைக்கலாம்மா. ஆனா வியாபார விஷயமா சைகோனுக்கு அடிக்கடி போய்க்கினு வர்றேன். கூட வந்த ஒருத்தர் சுத்த சைவம், அவருக்கு சாப்பாடு தேடி நானே அலைஞ்சிருக்கேன். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

இந்திய ஓட்டலு சைகோன்ல நெறைய இருக்குது. பென் தான் மார்க்கெட்டைச் சுத்தி நடந்தாலே நாலு கண்ணுல படும். எல்லாரும் உன்னை அங்கதான் போவச் சொல்லுவாங்க. உனக்கு அது சரிப்படாது. முக்கால்வாசி வடநாட்டு சமையல். பன்னீரு, கிரீமு, பட்டரு. பருப்புலகூட கடைசியா நெய்யை ஊத்தித்தான் எறக்கறாங்க. "நெய் வேணாம்"னு சொன்னா தலையை ஆட்டுவாங்க, ஆனா பெரிய குண்டான்ல முன்னயே செஞ்சு வச்சதைத்தான் கொண்டாந்து வைப்பாங்க. அம்மாவுக்கு தயிர் வேணும்னா ஒருவேளைக்கு அங்க போய்க்கலாம்.

உனக்கு வேணுங்கறது 'சாய்' கடை. அது அந்த ஊர் சைவச் சாப்பாடு. அங்க எங்க வியாபாரக் கூட்டாளிங்க விருந்து வச்சாங்கன்னா மேசை பூரா மீனும் நண்டும்தான். ஆனா ஒருத்தர் "நான் சாய்"னு சொல்லிட்டா போதும். ஏன், எதுக்கு, ஒரு துண்டு மட்டும் சாப்பிடேன் அப்படின்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நம்ம பக்கம் மாலை போட்ட சாமிகிட்ட யாராவது கறியை நீட்டுவாங்களா? அந்த மரியாதை அங்க இருக்குது. அதை நான் நேர்ல பார்த்தேன், எனக்கு ரொம்பப் புடிச்சுது.

பிளைட் விஷயம் ஒண்ணு. சாப்பாட்டோட டிக்கெட் போடறதா இருந்தா, இந்திய சைவம்னு இருக்கறதை எடுக்காத, அதுல பாலும் பன்னீரும் வரும். 'விஜிஎம்எல்'னு ஒரு குறியீடு இருக்கும், அதுதான் பாலு முட்டை இல்லாதது. கெளம்பறதுக்கு ஒரு நாளைக்கு முன்னாடியே பதிஞ்சிடணும். மலிவு விமானம்னா கையில ஏதாவது கட்டிக்கினு போயிடு.

திருவலம் டீச்சர் எழுதியது:

மல்லிகை, நீங்கள் கேட்டது முடியும். நன்றாகவே முடியும். நானும் நனிசைவம்தான். கணவரோடு போய் வயிறார, மனமாரச் சாப்பிட்டு வந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

டிக்கெட் போடுமுன் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரை எடுத்து, பௌர்ணமி என்றைக்கு என்று பாருங்கள். உங்கள் பயணத்தை அதைச் சுற்றி அமையுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காரணம் இது. வியட்நாமில் வேரூன்றியது மகாயான பௌத்தம். அங்கே துறவிகள் புலால் உண்பதில்லை. இல்லறத்தில் இருப்பவர்கள் தினமும் அப்படி இல்லாவிட்டாலும், சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் பலர் மீன், இறைச்சி தொடமாட்டார்கள். நம் கணக்கில் அது அமாவாசையும் பௌர்ணமியும். ஒரு நாள் முன்பின் வரலாம். அந்த நாட்களில் ஊரின் முகமே வேறு. மற்ற நாளில் எலும்பு கொதிக்கும் நடைபாதைக் கடைகளில் சில, அன்று காளானும் முள்ளங்கியும் போட்டு சாறு காய்ச்சி, 'சாய்' என்று அட்டையில் எழுதி வைத்துவிடும். விகாரைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் இது இன்னும் அதிகம். அமாவாசையன்று கறி எடுக்காத வீடுகள் நம் வடாற்காட்டில் எத்தனை! உங்கள் அம்மாவுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

14-ஆம் நாள் இரவு ஹோய் ஆன் நகரில் இருங்கள். அது பழைய துறைமுக ஊர், 1999-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மாதந்தோறும் அந்த ஓர் இரவு பழைய தெருக்களில் மின்விளக்கை அணைத்துவிட்டு லாந்தர்களை மட்டும் ஏற்றுகிறார்கள். மறுநாள் பௌர்ணமிச் சாப்பாடு. இரண்டும் அடுத்தடுத்து அமைவது போல் தேதி போட்டுக்கொள்ளுங்கள்.

மாதம் என்று கேட்டால், நடு வியட்நாமில் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழை, சில வருடம் வெள்ளமும் உண்டு. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நல்லது. ஆனால் அவர்களுடைய புத்தாண்டான 'தெத்' ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அப்போது பல கடைகள் நாள்கணக்கில் மூடியிருக்கும். அது முடிந்து வரும் முதல் பௌர்ணமிதான் அவர்களுக்கு ஆண்டிலேயே பெரிய பௌர்ணமி. வருடம் முழுக்கக் கும்பிட்டாலும் இந்த ஒரு நாளுக்கு ஈடாகாது என்று அங்கே பழமொழியே உண்டு. சில வருடம் அது நம் தைப்பூசத்தோடு சேர்ந்து வரும், சில வருடம் மாசி மகத்தோடு. 2024-இல் மாசி மகமும் அதுவும் ஒரே நாள், பிப்ரவரி 24. முடிந்தால் அந்தப் பௌர்ணமிக்கே போங்கள்.

இப்போது மீன் சாஸ். அதன் பெயர் 'நுவோக் மாம்'. நீங்கள் படித்தது பொய்யில்லை. சாதாரண உணவகத்தில் காய்கறி மட்டும் போட்ட தட்டிலும் அது இருக்கும். வள்ளைக்கீரையைப் பூண்டு போட்டு வதக்குவார்கள், பார்க்க ஆசையாக இருக்கும். அதில் மீன் சாஸோ சிப்பி சாஸோ ஊற்றியிருப்பார்கள். வறுத்த வெங்காயத்தைச் சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். ஆகவே சாதாரணக் கடைக்குள் போய் "இது போடாதே, அது போடாதே" என்று போராடவே வேண்டாம். 'சாய்' என்று பலகை தொங்கும் கடைக்குள் நுழையுங்கள். அங்கே மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ். பௌத்த மரபை ஒழுங்காகப் பின்பற்றும் கடைகள் வெங்காயம், பூண்டையும் சேர்ப்பதில்லை. உங்கள் அம்மா வெள்ளிக்கிழமைகூட நிம்மதியாகச் சாப்பிடலாம். இந்த ஒன்றுக்காகவே அவர் அந்த ஊரை விரும்பிவிடுவார்.

ஆனால் நமக்கு ஒரு படி கூடுதல் கவனம் வேண்டும். 'சாய்' என்றால் பால், முட்டை கட்டாயம் இருக்காது என்று பொருள் இல்லை. ரொட்டியில் தடவும் மயோனைஸில் முட்டை இருக்கும். கறி போலவே செய்து வைத்திருக்கும் சோயாத் துண்டுகள் சிலவற்றில் முட்டை வெள்ளையோ பால் புரதமோ உண்டு. அதனால் நான் அவற்றைத் தொடவில்லை. டோஃபு, காளான், காய், கீரை என்று நேரடியாகப் பார்த்தால் தெரிவதையே எடுத்தேன். முட்டை, பால், தேன், மீன் சாஸ் வேண்டாம் என்பதை வியட்நாமிய எழுத்தில் போனில் ஏற்றி வைத்துக் காட்டுங்கள். 'துவன் சாய்' என்றும் எழுதிக்கொள்ளுங்கள், அது நம் நனிசைவம். வாயால் சொன்னால் ராகம் மாறி வேறு சொல்லாகிவிடும். எழுத்தைக் காட்டினால் பாட்டியம்மாக்கள்கூடப் படித்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போய்க் கேட்டு வந்து, ஆம் இல்லை என்று தெளிவாகத் தலையசைக்கிறார்கள்.

சாப்பிட்டதில் என் மனதில் நிற்பது 'பான் சியோ'. அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் கலந்து மொறுமொறுவென்று வார்க்கிறார்கள். முட்டை இல்லை. சாய் கடையில் உள்ளே காளான், முளைகட்டிய பயறு, வேகவைத்த பாசிப்பருப்பு வைத்து மடிக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கூடை பச்சிலை: புதினா, துளசி வகை, கீரை இலை, பெயர் தெரியாத இன்னும் நாலைந்து. துண்டு பிய்த்து, இலையில் சுற்றி, சோயா சாஸில் தோய்த்து வாயில் போட வேண்டும். இட்லி, தோசை தின்று வளர்ந்த நமக்கு அரிசி மாவு புதிதல்ல. அந்தப் பச்சிலைக் கூடைதான் புதிது. அங்கே இலை தொட்டுக்கொள்ளும் பொருள் இல்லை, பாதிச் சாப்பாடே அதுதான்.

ஹுவே நகருக்குக் கட்டாயம் போங்கள். 1802 முதல் 1945 வரை நுயென் அரச வம்சத்தின் தலைநகர், விகாரைகள் நிறைந்த ஊர். சாய் சமையலுக்குப் பேர்போனது. இளம்பலாக்காயை வேகவைத்து, நார் நாராக உதிர்த்து, எள்ளும் வேர்க்கடலையும் சேர்த்து ஒரு பதார்த்தம் செய்கிறார்கள். வழக்கமாக இறால் போடுவார்கள், சாய் கடையில் காளான். அந்த ஊரின் கார நூடுல்ஸ் சாறுக்கு வழக்கத்தில் இறால் விழுது சேரும், அதற்கும் சாய் கடையில் மாற்று இருக்கிறது. எலுமிச்சைப்புல் வாசனையோடு காரசாரமாக இருக்கும். தெருவில் கூடை சுமந்து வரும் பெண்களிடம் இஞ்சிப்பாகு ஊற்றிய இளஞ்சூடான டோஃபு கிடைக்கும். காலையில் பாசிப்பருப்போ வேர்க்கடலையோ சேர்த்த ஒட்டரிசிப் பொட்டலம் கிடைக்கும். இவை எல்லாம் யாரோ வெளிநாட்டுக்காரருக்காக மாற்றிச் செய்தவை அல்ல. அந்த மக்களே தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுபவை. நீங்கள் கேட்டது அதுதானே?

இனி உங்கள் அம்மா கேட்ட கோயில். அது மீ சன், ஹோய் ஆனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற சம்பா அரசன் அங்கே சிவலிங்கம் வைத்துத் தன் பெயரோடு சேர்த்து பத்ரேஸ்வரர் என்று அழைத்தான். அதன்பின் பல நூற்றாண்டுகள் அரசர்கள் செங்கல்லில் கோயில் கோயிலாகக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து தெரியாது, அவ்வளவு நெருக்கம். 1969-இல் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில் இருந்தவற்றிலேயே உயரமான கோபுரம் போய்விட்டது. குண்டு விழுந்த பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன, புல் முளைத்து. நம் நாட்டுத் தொல்லியல் துறை போய்ச் சில கோயில்களைச் செப்பனிட்டது. அந்த வேலையின் போதுதான் 2020 மே மாதம் மண்ணுக்குள்ளிருந்து ஒரே கல்லாலான சிவலிங்கம் வெளிவந்தது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு அந்த இடம் வேறு விதமாகப் புரியும். நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் எத்தனை காலம் மூலவர் இல்லாமல், பூசை இல்லாமல் கிடந்தது? சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல் கொண்டுவந்து வைத்த பிறகுதானே அங்கே மணியோசை திரும்பியது. அதைப் பற்றி என் மாமியார் சொல்லிச் சொல்லிக் கேட்டவள் நான். மீ சன்னில் கருவறைக்குள் எட்டிப் பார்த்தபோது ஆவுடையார் மட்டும் இருந்தது. பூ இல்லை, விளக்கு இல்லை. கைகூப்பினேன். கண்ணீர் வந்தது. உங்கள் அம்மாவுக்கும் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பௌர்ணமி அன்று விகாரை வாசலில் சின்னஞ்சிறு குருவிகளைக் கூண்டில் அடைத்து விற்பார்கள். காசு கொடுத்துப் பறக்க விட்டால் புண்ணியம் என்று வாங்குவார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். விடுதலை செய்வதற்காகவே அவற்றைப் பிடிக்கிறார்கள்; நாம் ஒன்றை வாங்கினால் நாளைக்கு அதையோ வேறொன்றையோ வலை வீசிப் பிடிப்பார்கள். நெரிசலிலேயே பல செத்துப்போகும். மனசு கேட்காமல் கை பைக்குள் போகும், எனக்கும் தவிப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்காமல் கடந்து போவதுதான் அந்தக் குருவிகளுக்குச் செய்யும் நல்லது.

காட்பாடி மல்லிகை எழுதியது:

டீச்சர், உங்க பதிலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஜலகண்டேஸ்வரர் பத்தி வந்த இடத்துல நிறுத்தச் சொல்லி, மறுபடி வாசிக்கச் சொன்னாங்க. காலண்டர் இப்ப சமையல்கட்டு மேடையில இருக்கு.

ஆம்பூர் அண்ணா, யோக்கியதை அது இதுன்னு சொல்லாதீங்க. நெய்யை எப்ப ஊத்தறாங்கன்னு பார்த்து வந்து சொல்றவங்க எத்தனை பேர்? ரொம்ப நன்றி.

இன்னும் கொஞ்சம் கேக்கணும். மீ சன்ல அம்மா நடக்க முடியுமா? காப்பி இல்லாம எனக்கு பொழுது விடியாது, அங்க என்ன பண்றது? விசாவுக்கு சென்னை போகணுமா? சைகோன்ல ஒரு மாரியம்மன் கோயில் இருக்காமே, அது நிஜமா?

வாலாஜா டு சைகோன் எழுதியது:

நிஜம்தான் அக்கா. எனக்கு ஊர் வாலாஜாப்பேட்டை, இப்ப வேலை சைகோன்ல. ஹோ சி மின் நகரம்னு பேர் மாத்தி வருஷக்கணக்காச்சு, ஆனா இங்க எல்லாரும் வாயில சைகோன்னுதான் சொல்றாங்க.

மாரியம்மன் கோயில் பென் தான் மார்க்கெட் பக்கத்துல, துருவோங் தின் தெருவுல இருக்கு. பிரெஞ்சுக்காரங்க ஆண்ட காலத்துல வந்த தமிழ் வியாபாரிங்க கட்டினது. இப்ப கும்பிட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வியட்நாம்காரங்களும் சீனர்களும்தான். கருவறைக்குப் பின்பக்கச் சுவத்துல நெத்தியை வச்சு ரகசியமா வேண்டிக்குவாங்க. எனக்கு வீட்டு ஞாபகம் வந்தா அங்க போய் உக்காருவேன். கொஞ்ச தூரத்துலயே தோன் தத் தியெப் தெருவுல தண்டாயுதபாணி கோயிலும் இருக்கு, நகரத்தார் வச்சது. ரெண்டையும் ஒரே காலையில பார்த்துடலாம், படி ஏற்றம் கிடையாது.

விசாவுக்கு எங்கயும் போக வேணாம், இணையத்துலயே இ-விசா. 2023 ஆகஸ்ட்லேருந்து 90 நாள் வரைக்கும் தர்றாங்க, ஒரு தடவை நுழையறதுக்கு 25 டாலர். அரசாங்கத் தளத்துலயே போடுங்க. அதே மாதிரி பேர் வச்சுக்கிட்டு ரெண்டு மூணு மடங்கு வாங்கற ஏஜென்ட் தளங்கள் முதல்ல வந்து நிக்கும். பாஸ்போர்ட்ல பேர் எப்படி இருக்கோ, எழுத்து மாறாம அப்படியே அடிங்க. நம்ம இனிஷியல் சமாச்சாரத்துல கவனம்.

காப்பிக்குக் கவலையே இல்லை. இந்த ஊரே காப்பியிலதான் ஓடுது. சும்மா காப்பின்னு கேட்டா பால்கட்டி மாதிரி கெட்டியான டின் பால் ஊத்தித் தருவாங்க. 'கா ஃபே தென்'னு கேளுங்க, கறுப்புக் காப்பி, சக்கரை போட்டோ போடாமலோ. தேங்காய்க் காப்பின்னு ஒண்ணு பிரபலம், அதுலயும் பெரும்பாலும் டின் பால் சேரும், கேட்டுக்குங்க. முட்டைக் காப்பி ஹனோய்ல விசேஷம், அது நமக்கு இல்லை. புனுகுப்பூனைக் காப்பின்னு விலை கூட வச்சு விப்பாங்க. அந்தப் பிராணிகளைக் கூண்டுல போட்டு காப்பிப்பழமா திணிச்சு எடுக்கற கொடுமை அதுக்குப் பின்னால இருக்கு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரும்பு ஜூஸ் எல்லா முக்குலயும் கிடைக்கும், சின்ன எலுமிச்சை மாதிரி ஒரு பழத்தையும் சேர்த்துப் பிழிவாங்க. அம்மாவுக்குப் பிடிக்கும்.

சாய் கடையில சோறும் மூணு நாலு காய் வகையும் வச்ச ஒரு தட்டு முப்பதாயிரத்துலேருந்து ஐம்பதாயிரம் டாங் வரைக்கும் ஆகும். ஆயிரம்னதும் பயந்துடாதீங்க, நம்ம ரூபாய்ல நூறுலேருந்து நூத்தி எழுபதுக்குள்ள. கண்ணாடிப் பெட்டிக்குள்ள எல்லாம் வச்சிருப்பாங்க, வேணுங்கறதைக் கைகாட்டினா போதும். ராத்திரி சீக்கிரமே தீந்துடும், ஏழு மணிக்குள்ள போயிடுங்க. ஊர் பேரைப் போட்டு ஹேப்பிகவ் செயலியில தேடினா பக்கத்துக் கடை எல்லாம் வரும். லவிங் ஹட் பேர்ல இருக்கற கடைகள் முழுக்க நனிசைவம், அங்க கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடலாம்.

கூ சி சுரங்கத்துக்கு எல்லாரும் கூட்டிக்கிட்டுப் போவாங்க. சண்டைக் காலத்துல ஜனங்க மண்ணுக்கடியில 250 கிலோமீட்டர் வரைக்கும் வளை தோண்டி வாழ்ந்த இடம். அம்மாவை உள்ள இறக்காதீங்க, குனிஞ்சு தவழணும், அவங்க முழங்காலுக்கு ஆகாது. மேலேயே சுத்திப் பார்க்கலாம். கடைசியில எல்லாருக்கும் வேகவச்ச மரவள்ளிக்கிழங்கு தருவாங்க, தொட்டுக்க வேர்க்கடலையும் உப்பும் இடிச்ச பொடி. அந்தப் போராளிகளுக்குப் பல நாள் அதுதான் சாப்பாடு. நம்ம வயித்துக்கும் நியாயத்துக்கும் ரெண்டுக்கும் பொருந்தற சாப்பாடு அது, விடாதீங்க.

ஹோய் ஆன் பக்கத்துல இருக்கற டா நாங்லேருந்து ஹுவேக்கு ரயில்ல போங்க. சுமார் 100 கிலோமீட்டர், மூணு மணி நேரம் வரைக்கும் ஆகும். ஹாய் வான் மலையைச் சுத்திக்கிட்டு கடலை ஒட்டியே போகும். ஹுவே போற திசையில வலது பக்க ஜன்னல் கேளுங்க.

திருவலம் டீச்சர் எழுதியது:

வாலாஜா தம்பி நிறையச் சொல்லிவிட்டார். விட்டுப்போனதை மட்டும் எழுதுகிறேன்.

மீ சன் நுழைவாயிலிலிருந்து கோயில்களுக்கு அருகே வரை மின்சார வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். அதற்குமேல் கோயில் தொகுதிகளுக்கு நடுவே நடக்கும் நடை பெரும்பாலும் சமதரைதான். அம்மா நிதானமாகப் பார்க்கலாம். காலை திறந்தவுடன் போய்விடுங்கள். மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் இருப்பதால் பத்து மணிக்கு மேல் நம் வேலூர் வெயிலே தேவலை என்று ஆகிவிடும். ஒட்டரிசியும் பழமும் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே சாய் கடையை நம்ப வேண்டாம்.

போவதற்கு முதல் நாள் டா நாங்கில் சாம் (சம்பா நாட்டு மக்கள்) சிற்ப அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். மீ சன்னில் இருந்த நல்ல சிற்பங்கள் பல அங்கேதான் இருக்கின்றன. பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாளின் நாபியிலிருந்து பிரம்மா தோன்றும் சிற்பத்தின் முன் உங்கள் அம்மாவை நிறுத்துங்கள். எந்தப் பலகையையும் படிக்காமல் அவரே உங்களுக்குக் கதை சொல்லுவார்.

ஹுவேயில் தியென் மூ விகாரைக்குப் போனால் பின்கட்டில் ஒரு பழைய ஆஸ்டின் கார் நிற்கும். பலருக்கும் தெரிந்த சம்பவம்தான். 1963 ஜூன் 11 அன்று பௌத்தர்கள் மீது நடந்த அடக்குமுறையை எதிர்த்து சைகோன் நடுவீதியில் தீக்குளித்தாரே திக் குவாங் டக் என்ற துறவி, அவரை ஏற்றிச் சென்ற கார் அது. நான் அங்கே வெகுநேரம் நின்றேன். அந்த விகாரைத் துறவிகள் உண்ணும் சோறும் நான் அந்த ஊரில் தேடித் தேடி உண்ட சோறும் ஒரே நெறியிலிருந்து வந்தவை. சாப்பாடும் ஊர் பார்ப்பதும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றாமல் போனது அங்கேதான்.

ஹோய் ஆனில் ஒரே நாளில் உடை தைத்துத் தரும் கடைகள் வரிசையாக இருக்கும். பட்டுத்துணியைக் காட்டித்தான் கூப்பிடுவார்கள். ஆரணிப் பட்டை வேண்டாம் என்று வைத்துவிட்ட நமக்கு அங்கே பருத்தியும் லினனும் இருக்கின்றன, கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.

கட்டிக்கொண்டு போவதற்கு ஊறுகாயும் பருப்புப்பொடியும் கொஞ்சம் போதும். வயிறு சரியில்லாத அன்றைக்கு அம்மாவுக்கு ஆகும். மோருக்கு மட்டும் வழி கடினம். இந்திய உணவகம் இருக்கும் பெரிய ஊர்களில் பார்த்துக்கொள்ளலாம். ஹுவேயில் சோயாப்பால் இளஞ்சூடாகக் கிடைக்கும், அதை ஒருமுறை குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வற்புறுத்தாதீர்கள். நீங்கள் பாலை விட்டது உங்கள் மனம் கேட்டு. அவர் மனமும் அவர் வேகத்தில் போகட்டும்.

காட்பாடி மல்லிகை எழுதியது:

தெத் முடிஞ்சு வர்ற பௌர்ணமிக்கே போறதுன்னு முடிவு, டீச்சர். முதல்ல டா நாங் அருங்காட்சியகம், 14-ஆம் நாள் ராத்திரி ஹோய் ஆன், பௌர்ணமி அன்னிக்கு அங்கேயே சாப்பாடு, மறுநாள் காலையில மீ சன், பிறகு டா நாங் வந்து ரயில்ல ஹுவே, கடைசியா சைகோன். ஹனோய், ஹா லாங் எல்லாம் இந்தத் தடவை வேணாம்னு அம்மாவே சொல்லிட்டாங்க. ஓடி ஓடிப் பார்க்க அவங்களுக்கு இஷ்டமில்லை. வாலாஜா தம்பி, சைகோன் வரும்போது உங்களுக்கு ஊர்லேருந்து என்ன கொண்டு வரணும்னு சொல்லுங்க.

வாலாஜா டு சைகோன் எழுதியது:

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்னு சொல்ல ஆசைதான் அக்கா, காய் கொண்டு வர விமான நிலையத்துல விடமாட்டாங்க. அரைக் கிலோ கேழ்வரகு மாவு போதும், களி கிண்டி நாளாச்சு. சீல் போட்ட பாக்கெட்டா பார்த்து வாங்குங்க.

ஆம்பூர் ஷூக்காரர் எழுதியது:

அம்மாவுக்கு செருப்பு விஷயம் யாரும் சொல்லலை. கோயில் கோயிலா கழட்டி மாட்டணும், நாடா கட்டற ஷூ வேணாம். தோல் இல்லாத கான்வாஸ், அடி ரப்பர் நல்லா பள்ளம் பள்ளமா இருக்கறதா பாரு. மீ சன்ல பழைய செங்கல்லு, மழை தூறினா பாசி வழுக்கும். புதுசு வாங்கினா கெளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்டுல போட்டு நடக்கச் சொல்லு. கூ சியில டயரை அறுத்து செஞ்ச செருப்பு விப்பாங்க, சண்டையில போட்டுக்கினு நடந்த அதே மாதிரி. உறுதியான சரக்கு, நான் வாங்கி இன்னும் போட்டுக்கினு இருக்கேன். உனக்கு ஒண்ணு வாங்கிக்கம்மா.